கல்குவாரிப் பூங்குருவிக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் சித்தூர் சபையில் சண்டையில்லாத வருஷம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு வருஷம் ஆர்மோனியத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை. இன்னொரு வருஷம் கல்லறைத் தோட்டத்துச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குவது என்று. எழுபதுகளின் பின்பகுதியில் ஒரு குளிர்காலத்தில் மட்டும் காரணம் புதிதாக இருந்தது. ஒரு குருவி. அதுவும் பெட்டைக் குருவி. அதற்காகச் சபை இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு மற்றவர் போவதை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேறு வேறு சுருதியில் பாடினார்கள்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்கத் தவளைகளையும் கரப்பான்பூச்சிகளையும் மாணவிகள் தாறுமாறாக அறுப்பதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்துச் சித்தூருக்கு வருவேன். விலங்கியல் என்றால் எங்கள் ஜனங்களுக்கு மூட்டைப்பூச்சி மருந்திலிருந்து மாட்டுப் பிரசவம் வரை எல்லாம் அடக்கம். கோயில் முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு அம்மாள் என்னைத் தூணோரம் ஒதுக்கி, கோழி ஏன் முட்டையை மிதிக்கிறது என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்று சொன்னால், "இதுக்கா உங்க நைனா உன்ன இவ்ளோ படிக்க வெச்சாரு?" என்று போய்விடுவார்.

குருவியைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் ஊருக்குத் திரும்பியபோது அவருடைய பொருள்களைச் சபையார் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரத்தை எடுத்தார், ஒருவர் சாப்பாட்டு மேஜையை எடுத்தார். மாமாவுக்குக் கிடைத்தது ஒரு பைனாகுலரும் ஒரு பறவைப் புத்தகமும். வேலையில் இருந்தவரை அவர் அவற்றைத் தொடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதட்டுவதற்கு ஆளில்லாமல் போனதும் பறவைகள் பக்கம் திரும்பினார். அவர் பறவை பார்ப்பது பரீட்சை ஹாலில் சுற்றி வருவது போலத்தான் இருக்கும். ஏதோ ஒன்று எங்கோ காப்பியடிக்கிறது என்ற சந்தேகத்தோடு மரத்துக்கு மரம் நடப்பார்.

ஊருக்கு வெளியே எங்கள் கல்லறைத் தோட்டம். அதற்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று. குன்றின் அடியில் ஒரு காலனி. பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள், சொந்தமாக ஒரு கைப்பிடி மண்கூட இல்லாதவர்கள், அரசாங்கம் கொடுத்த இடத்தில் மண்சுவர் எழுப்பி ஓடு போட்டு இருந்தார்கள். அந்தக் குன்றைக் குத்தகைக்கு எடுத்துக் கல் உடைத்தவர் எங்கள் சபை மூப்பர். வாட்டசாட்டமான மனிதர். ஜெபம் பண்ணினால் ஆலய ஜன்னல் அதிரும். வாரத்தின் மற்ற நாட்களில் மத்தியானம் அவருடைய குவாரியில் வெடி வைத்தால் ஊர் ஜன்னல் எல்லாம் அதிரும்.

அந்தக் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது மாமா கூடத்தில் பைனாகுலரோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்குத் தட்டில் சோறு போடுவதற்குள் புத்தகத்தை என் முன்னால் விரித்தார்.

"பாப்பா, குன்று மேல ஒரு குருவி வந்து கீது. நீலத்தலைப் பூங்குருவி. ரொம்ப அரிதானது. நம்ப பக்கம் வழியில தங்கிட்டுப் போறதுதான். அது இருக்கிற எடத்துல நம்ப மூப்பரு வெடி வெச்சிக்கினு கீறாரு. தாசில்தாருக்கு அர்ஜி போடப் போறேன்."

படத்தைப் பார்த்தேன். படம் சேவலுடையது. தலையும் தொண்டையும் நல்ல நீலம், முதுகு கறுப்பு, இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு, வயிறு செங்கல் நிறம். ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க முடியாத குருவி.

"இப்படியா இருந்தது மாமா?"

"இல்ல. பழுப்பா, வயித்துல செதில் செதிலா இருந்துது. பெட்டை."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தில் பெட்டைக்குப் படம் இல்லை. எந்தக் குருவிக்குமே இல்லை. சேவலுக்கு அழகான வண்ணப்படம், பக்கத்தில் பெட்டை இப்படி இருக்கும் என்று பொடி எழுத்தில் ஒன்றரை வரி. எங்கள் சபையின் உறுப்பினர் பதிவேடும் அந்த வழிதான்: குடும்பத் தலைவர் பெயர் முழுதாக, பிறகு "மனைவி."

இந்த இரண்டு பூங்குருவிகளையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீலப் பூங்குருவி ஒன்று, நீலத்தலைப் பூங்குருவி ஒன்று. பங்காளிகள். இரண்டும் குளிர்காலத்தில் வடக்கே மலைப்பக்கத்திலிருந்து நம் பக்கம் வருகின்றன. சேவல்களைக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். நீலப் பூங்குருவிச் சேவல் உச்சியிலிருந்து வால் வரை மங்கிய சாம்பல் நீலம், நாலைந்து வெளுப்பு கண்ட நீலச் சட்டை மாதிரி. நீலத்தலையின் சேவல் கல்யாண மாப்பிள்ளை. பெட்டைகள் இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் வயிற்றில் செதில். ஆனால் குடியிருப்பில் இரண்டுக்கும் ஒத்துவராது. நீலப் பூங்குருவிக்கு வெயிலும் மொட்டைப் பாறையும் வேண்டும். கோட்டைச் சுவர், இடிந்த கட்டடம், கல்குவாரி எல்லாம் அதற்கு இஷ்டம். நாம் எதையெல்லாம் கெடுத்து மொட்டையாக்குகிறோமோ அங்கெல்லாம் வந்து ஜம்மென்று உட்காரும். நீலத்தலைக்கு மரமும் நிழலும் சருகும் வேண்டும். மேற்கே பெரிய மலைக்காடுகளுக்குப் போகிற வழியில் நம் காடுகளில் இறங்கும், யார் கண்ணிலும் அதிகம் படாது. இரண்டில் எதுவும் அழிந்துபோகிற நிலையில் இல்லை. எங்கள் சபையைவிட இரண்டும் நன்றாகவே இருந்தன.

இதையெல்லாம் மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "மொட்டைப் பாறையில உக்காந்திருந்தா அது மத்ததா இருக்கும் மாமா."

"பாறையில கொஞ்ச நேரம் உக்காந்தா பாறைக்குருவி ஆயிடுமா? நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா கண்டக்டரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் செய்தி மூப்பருக்குப் போய்விட்டது. அவரும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் ஒரு நிபுணரைப் பிடித்துவிட்டார். கோழிப்பண்ணை வைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு மனிதர். அவர் குவாரிக்குப் போய்ப் பார்த்து, அது சாதாரணக் குருவி, ஊரில் எங்கும் இருப்பது, அதற்கு எந்த விசேஷமும் கிடையாது, அந்த உடம்பில் ஒரு வேளைக் குழம்புக்குக்கூடக் கறி தேறாது என்று வாய்மொழியாகத் தீர்ப்புச் சொன்னார். சபையில் பாதிப்பேர் மாமா பக்கம் நின்று "அரிது" என்றார்கள். பாதிப்பேர் மூப்பர் பக்கம் நின்று "சாதாரணம்" என்றார்கள். இரண்டு பக்கத்திலும் குருவியைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. கடைசியில், படித்த பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவள் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்கட்டும் என்று இரண்டு கட்சிகளும் ஒரே மனதாக முடிவு செய்தன. அந்த வருஷத்தில் அவர்கள் ஒரே மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பு கிறிஸ்துமஸ் கீத பவனிக்குத் தவிர வந்ததில்லை. நைனாவோடு மழை, பயிர், போதகரின் இடமாற்றம் எல்லாம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மாடி, அது சாதாரணக் குருவின்னு நாலு வரி. அவ்ளோதான். உண்மையத்தானே கேக்கறேன்?" பிறகு அம்மாவைப் பார்த்து, பேச்சோடு பேச்சாக, "நம்ப பெரியவன் சூளூர்பேட்டையில வேலையில கீறான். இந்த வருஷம் பாக்கலாம்னு இருக்கோம். படிச்ச பொண்ணா இருந்தா நல்லது" என்றார்.

அம்மா உடனே இன்னொரு தம்ளர் காப்பி கொண்டுவந்தார். ஒரு குருவியின் சாதிச் சான்றிதழில் என் கல்யாணமும் வந்து ஒட்டிக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை காலை வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு முந்தின நாளே வந்து, விடிந்ததும் மாமாவின் பைனாகுலரை வாங்கிக்கொண்டு நான் மட்டும் குன்றுக்குப் போனேன். கல்லறைத் தோட்டம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கேதான் அதைப் பார்த்தேன். அத்தையின், மாமாவின் மனைவியின், கல்லறைச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடியில் சிமெண்டு பிளந்திருந்தது. வெடி அதிர்ச்சி. யாரோ அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. அத்தை இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மாமா அவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மாமா முதலில் இதைத்தான் மூப்பரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மூப்பர் சிரித்துக்கொண்டே, "செத்தவங்களுக்கு இன்னா சத்தம் கேக்கப்போவுது?" என்றாராம். அதற்கப்புறம்தான் மாமாவுக்குக் குன்றின்மேல் ஒரு அரிய குருவி தென்பட்டது.

குன்றடியில் காலனி முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்களும் குருவிக்குத்தான் வந்தீங்களாம்மா?"

"ஆமாக்கா."

"தோ, அந்தப் பாறை மேலதான் உக்காந்துகினு இருக்கும். தெனம் யாராச்சும் வந்து பாத்துட்டுப் போறாங்க. வாங்க, எங்க வூட்டையும் பாத்துட்டுப் போங்க."

உள்ளே கூட்டிப் போனாள். ஒரே அறை. பின்சுவரில் கூரையிலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு. அதன் வழியாகப் பின்னால் இருந்த முருங்கைமரம் தெரிந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படியே, அடுத்ததிலும் அப்படியே என்றாள். மூன்று வருஷமாகச் சொல்கிறார்களாம். மூப்பரிடம் போனால், உன் புருஷனுக்கு வேலை கொடுத்திருக்கிறேனே, அது போதாதா என்கிறாராம். ஆபீசுக்குப் போனால் நாளைக்கு வா என்கிறார்களாம்.

"குருவிக்கு ஊரே அர்ஜி போடுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிப்பது போலக் கேட்டாள்: "அது அரிதானதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா வெடி நிக்குமா?"

"நிக்கலாம்."

"அப்ப எழுதிக் குடுங்களேன். எந்தக் குருவியா இருந்தா இன்னா?"

"நான் இன்னும் பார்க்கலையேக்கா."

"பாத்துட்டு எழுதுங்க" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள்.

குருவி வந்தது. வெயில் ஏறியதும் உடைத்த பாறையின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பை லேசாக ஆட்டிவிட்டு, கீழே இறங்கி ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு அதே கல்லுக்குத் திரும்பியது. பழுப்பு முதுகில் சாம்பல் நீலம் தூவினது போல ஓடியது. மரம் இருந்த பக்கம் அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தேகமே இல்லை. நீலப் பூங்குருவிப் பெட்டை. மூப்பர் உடைத்துவைத்த மொட்டைப் பாறையைத் தேடித்தான் அது அவ்வளவு தூரம் பறந்து வந்திருந்தது. அந்தக் குன்றில் அவருடைய வேலையைக் குறை சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

அன்று மாலை சபை அறையில் போதகர் முன்னிலையில் நான் சொன்னேன். அது நீலப் பூங்குருவி. அரிதானதல்ல. மூப்பர் முகம் மலர்ந்தது. மாமா பைனாகுலரை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"சொந்தத் தாய்மாமன விட உனக்கு அந்தக் குருவி பெரிசாப் போச்சு, இல்ல?"

"இன்னும் முடிக்கல மாமா" என்றேன். "புதுசா வந்திருக்கிற வனவிலங்குச் சட்டத்துல இந்தக் குருவி, அந்தக் குருவின்னு வித்தியாசம் இல்ல. ரெண்டையும் அனுமதியில்லாம சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். அது உக்காந்திருக்கிற பாறைக்கு வெடி வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல. அதனால இது எந்தக் குருவின்னு நீங்க சண்டை போடறதே வீண். அந்தக் காலனி வீடுகள்ல சுவரெல்லாம் பிளந்து கிடக்கு. அர்ஜி போடறதா இருந்தா அதுக்குப் போடுங்க."

மூப்பர், "அது வேற விஷயம்" என்றார். மாமா, "அது வேற விஷயம்" என்றார். போதகரும் தலையை ஆட்டி, அது வேறு விஷயம்தான் என்றார். நான் எழுதிய சான்றிதழை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை. சூளூர்பேட்டை மாப்பிள்ளை பேச்சும் அன்றோடு எங்கள் வீட்டில் நின்றது. அம்மா ஒரு மாதம் எனக்குக் காப்பியில் சர்க்கரை குறைத்தே போட்டார்.

மாமா பிடிவாதக்காரர். குருவியின் பெயரிலேயே அர்ஜி போட்டார். அது அரியதா இல்லையா என்று நேரில் பார்த்துத் தீர்மானிக்கத் தாசில்தார் வரப்போவதாகச் செய்தி வந்தது. மண்சுவர் பிளந்து மூன்று வருஷம் வராதவர், ஒரு குருவிக்கு மூன்று வாரத்தில் வந்தார். அன்று வெடி எதுவும் வைக்கக் கூடாது என்று மூப்பருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஜீப் காலனி வரைதான் போகும். தாசில்தார் இறங்கினார். தெலுங்குக்காரர், சித்தூரில் நாலைந்து வருஷம் இருந்ததால் நம் தமிழ் நன்றாகப் பேசுவார். அவரோடு ஒரு வனத்துறை ரேஞ்சர். மாமா கோட்டுப் போட்டுப் பைனாகுலரோடு நின்றார். மூப்பர் தன் கோழி நிபுணரோடு நின்றார். போதகர் நடுவில். நான் கூட்டத்தின் ஓரத்தில், காலனிப் பெண்களோடு. பாறையின் உச்சியில் குருவியைக் காணோம்.

"வரும் சார், கொஞ்சம் பொறுங்க" என்றார் மாமா.

"இருந்தாத்தானே வரும்" என்றார் மூப்பர்.

வெயில் கொளுத்தியது. தாசில்தார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அப்போதுதான் அந்த முதல் வீட்டுப் பெண் முன்னால் வந்தாள். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தொரா, ஏன் வெயில்ல நிக்கறீங்க? உள்ள வந்து ஒரு வாய் மோர் குடிங்க. குருவி வந்ததும் கூப்புடறோம்" என்றாள்.

அவர் தயங்கினார். மூப்பர் அவசரமாக, "சார், நம்ப வீட்டுல டிபன் ரெடியா கீது" என்றார். அதைக் கேட்டதும் தாசில்தாருக்கு என்ன தோன்றியதோ, "இங்கயே குடிக்கறேன்" என்று குனிந்து உள்ளே போனார். பின்சுவரை ஒட்டி ஒரு கட்டில் போட்டு, விரிப்பு விரித்திருந்தது. அதில் உட்கார்ந்தார். சொம்பில் மோர் வந்தது.

அவர் சொம்பை வாயருகே கொண்டுபோன அதே சமயம் குன்றில் வெடி வெடித்தது.

ஒன்றல்ல, தொடர்ச்சியாக நாலைந்து. பூமி அதிர்ந்தது. சுவரிலிருந்து மண் பாளம் பாளமாகச் சரிந்தது. மேலே இரண்டு ஓடுகள் நழுவித் தரையில் விழுந்து உடைந்தன. வாசலில் நின்ற நாங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாசில்தார் வெளியே நின்றார். சட்டையெல்லாம் செம்மண். மீசையில் மோர். கையில் சொம்பு அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு மண்கட்டி மிதந்தது.

"ஏமண்டி இதி?" என்று கத்தினார். பிறகு தமிழில், "ஆளக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று மூப்பரைப் பார்த்தார்.

மூப்பர் குன்றைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். விஷயம் இதுதான்: தாசில்தார் வருவதற்குள் குருவியை விரட்டிவிட வேண்டும் என்று, விடியற்காலையிலேயே வெடி வைக்கச் சொல்லியிருக்கிறார். மருந்து நமத்துப்போய், வேலை தாமதமாகி, கடைசியில் யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஆட்கள் சொன்ன வேலையை முடித்துவிட்டார்கள்.

தாசில்தார் அதன்பின் குருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலனியில் ஒவ்வொரு வீடாக நுழைந்து, இல்லை, வாசலில் நின்றபடியே, உள்ளே எட்டிப் பார்த்தார். வீடுகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இனிமேல் வெடி வைக்கக் கூடாது என்று அங்கேயே ஜீப் முன்மூடியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். ரேஞ்சர் மட்டும் தயங்கித் தயங்கி, "சார், அந்தப் பறவை விஷயம்?" என்று கேட்டார். தாசில்தார் அவரைப் பார்த்த பார்வையில் ரேஞ்சர் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, இன்னிக்கு வெடி வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எம்புருசன்தாம்மா திரி வெச்சான். எனக்குத் தெரியாதா?"

"அவர் தலையில ஏதாவது விழுந்திருந்தா?"

"விழாத எடமாப் பாத்துத்தான் கட்டில் போட்டேன்" என்றாள். "மூணு வருசமா அந்தச் சொவுரு எப்படி எப்படி விழும்னு பாத்துகினு கீறேன். மோர்லதான் விழும்னு தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் விசேஷ ஸ்தோத்திர ஆராதனை. போதகர் குருவிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒரு சிறு பறவையைக் கொண்டு ஆண்டவர் பெரிய காரியம் செய்தார் என்றார். மாமா முதல் பெஞ்சில் வெற்றி வீரனைப் போல உட்கார்ந்திருந்தார். மூப்பர் வழக்கம்போல ஜன்னல் அதிர ஜெபித்தார், படைப்புகளின்மேல் நமக்குள்ள பொறுப்பைப் பற்றி. காலனிக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் வேறு கோயிலைச் சேர்ந்தவர்கள், கூப்பிட்டால் சங்கடம் என்றார் போதகர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் காதோடு, "நீ சொன்னது தப்பாப் போச்சே பாரு, அது அரிதான குருவிதானாம்" என்றாள்.

ஆராதனை முடிந்து மாமா என்னோடு பேசவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, "சிமெண்டு வாங்கி வெச்சிருக்கேன். ஒரு ஆள் பிடிச்சுக்கணும் சிலுவைய. வரியா?" என்றார். போனோம். நான் சிலுவையை நேராகப் பிடித்துக்கொண்டேன், அவர் கரண்டியால் பூசினார். நன்றாகப் பூசத் தெரியவில்லை. வழிந்ததை விரலாலேயே துடைத்தார். வேலை முடிந்து எழும்போது, "உங்க அத்தைக்குச் சத்தம் ஆவாது" என்றார். "பள்ளிக்கூடத்துல நான் மணியடிச்சாலே காதைப் பொத்திக்குவா." கரண்டியைப் புல்லில் துடைத்தார். நான் குருவியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மூப்பர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டு மூன்று மைல் தள்ளி வேறொரு குன்றைக் குத்தகைக்கு எடுத்தார். அதன் அடியிலும் ஒரு காலனி இருந்தது. ஆனால் அங்கே எங்கள் சபையார் யாரும் புதைக்கப்படவில்லை, அதனால் சபையில் அமைதி நிலவியது. முதல் வீட்டுப் பெண்ணின் புருஷன் அங்கேதான் வேலைக்கு நடந்து போனான். "வேலை தூரமாப் போச்சும்மா, கால் வலிக்குதுன்னு கத்திகினே இருக்கான்" என்றாள் ஒரு தடவை சந்தையில் பார்த்தபோது. "வூடு நிக்குது. அவன் கத்தறதும் அந்தச் சொவுத்துக்குள்ளதானே."

எண்பதுகளின் தொடக்கத்தில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு திருமலை அடிவாரக் காட்டுக்குச் செடி, பூச்சி சேகரிக்கப் போயிருந்தேன். நடைபாதையிலிருந்து விலகி ஒரு ஓடைப் பள்ளத்தில் இறங்கியபோது, சருகில் ஏதோ புரட்டிக்கொண்டிருந்தது. நீலத்தலை. சேவல். செங்கல் வயிறு, இறக்கையில் வெள்ளைத் திட்டு, எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே. மரக்கிளைக்குத் தாவி அசையாமல் உட்கார்ந்தது. மாணவிகளில் ஒருத்தி, "மேடம், இது பாட்டுப் பாடுமா?" என்று உரக்கக் கேட்டாள். போய்விட்டது.

மறு வருஷம் அதே பள்ளத்துக்குப் போனேன். மரங்கள் பாதி இல்லை. அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. இரண்டு பேர் தலையில் கட்டைக் கட்டோடு என்னைத் தாண்டிப் போனார்கள், வணக்கம்கூடச் சொன்னார்கள். வெயில் நேரே தரையில் அடித்தது. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத் திருப்பதியில் வனத்துறை ஆபீசுக்கு நேரே போனேன்.

குமாஸ்தா மரியாதையானவர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பட்சி எந்த சர்வே நம்பர்ல இருக்கு மேடம்?"

"அது பறவைங்க. குளிர்காலத்துல வரும், போகும். ஒரே இடத்துல இருக்காது."

"யாருக்கு நஷ்டம்னு எழுதறது?"

"அந்தப் பறவைக்குத்தான்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். சிரிக்கவில்லை, நிஜமாகவே எனக்கு உதவ நினைத்தார் என்றுதான் தோன்றியது.

"அது ஒரு எடத்துல நெலையா உக்காந்ததும் வாங்க மேடம்," என்றார். "பாத்துக்கலாம்."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். மத்தியானம் முதல் பீரியடில் தவளை இருந்தது.